பாட்டி தட்டிய சுவிட்சு

கேள்வி:

என் மகளுக்கு மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. 36 வாரம், 2.3 கிலோ. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அப்போது ஒரு டாக்டரும் மிஸியும் (தாதியும்) வந்து, இந்த விளக்கைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நாள் முழுக்க விளக்கு எரிந்தது. எங்கள் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் எரியும், அடுத்த ஒரு மணி நேரம் அணைத்துவிடுவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு தடவை மிஸி அந்தப் பக்கம் போனதும் நானே சுவிட்சைத் தட்டி விளக்கை எரியவிட்டேன். இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான். செவிப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மருமகனோ, "தோட்டத்து ஆள் என்றால் அவர்களுக்குச் சோதனை எலி. இனிமேல் போக வேண்டாம்" என்கிறார். விலகினால் நாளைக்கு அந்த ஆஸ்பத்திரியில் எங்களைச் சரியாகப் பார்ப்பார்களா?

இன்னொன்று. என் வீட்டுக்காரருக்கு 61 வயது, 12 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). அவரையும் ஒரு புது மாத்திரை ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையாமே? மகளுக்குக் கொடுத்த தாள்களைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பாட்டி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அக்கா,

செவிப் பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். ஆய்வில் தொடர்ந்தாலும் விலகினாலும் அதைச் செய்துகொள்வது பேரனுக்கு நல்லது. மஞ்சள் காமாலை வந்த பிள்ளையின் இரத்தத்தில் பிலிருபின் என்கிற மஞ்சள் பொருள் கூடிவிடும். அது அளவு மீறினால் மூளையைத் தாக்கும், செவி நரம்பும் அதில் அடிபடும். டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தேன். உங்கள் பேரன் அந்த ஆபத்தான கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. இருந்தாலும், காது சரியாகக் கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருவர் கூப்பிடும்போது எதற்கு விடவேண்டும்? வெளியே தனியாரிடம் போனால் இதற்குக் காசை எண்ணி வைக்கவேண்டும்.

அடுத்தது அந்தச் சுவிட்சு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 17 வருடமாக ஆய்வுப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். வீட்டார் யாரும் இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இதைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை. உங்களுக்கு முன்னால் என் இனத்தாரே, அதாவது தாதிகளே, செய்திருக்கிறார்கள்.

1940களில் அமெரிக்காவில் குறைமாதப் பிள்ளைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு ஆக்ஸிஜன் கெடுதல் செய்யும் என்று யார் நினைப்பார்கள்? அதே காலத்தில்தான் அந்தப் பிள்ளைகள் பலருக்குக் கண் பார்வை போக ஆரம்பித்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். ஆக்ஸிஜன்தான் காரணமோ என்று சந்தேகம் வந்து, வாஷிங்டனில் ஒரு மருத்துவமனையில் சில பிள்ளைகளுக்கு நிறையவும் சில பிள்ளைகளுக்குக் குறைவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகக் கிடைக்கும் பிள்ளைகளைப் பார்க்க இராத்திரி வேலைத் தாதிகளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர்கள் வீட்டுக்குப் போனதும் அவர்களே ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார்கள். பாவம், பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான். பிறகு 1953இல் 18 மருத்துவமனைகள் கூட்டாக ஓர் ஆய்வு தொடங்கின. அடுத்த வருடமே விடை கிடைத்தது. கண்ணைப் பறித்தது அந்தத் தாராளமான ஆக்ஸிஜன்தான். (அதற்குப் பிறகு பயந்துபோய் ரொம்பக் குறைத்ததில் வேறு சில பிள்ளைகள் உயிரே போனது. சரியான அளவைத் தேடிப் பல பத்தாண்டுகள் ஓடின.)

நீங்கள் தட்டிய விளக்கால் பேரனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளை நாள் முழுக்க அதன் கீழ்தானே கிடந்தது? ஆனாலும் தாளின் கடைசிப் பக்கத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். இந்த நாளில் இத்தனை நேரம் கூடுதலாக எரிந்தது என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இப்படிக் குறிப்பதற்கென்றே எங்களிடம் தனிப் பாரம் (படிவம்) இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், விட்டுவிட்டு எரிந்த விளக்கே போதுமாயிருந்தது என்று கணக்கில் ஏறும், உண்மையில் எரிந்தது அதைவிட அதிகமாக இருக்கும். ஒரு பாட்டி செய்தால் பரவாயில்லை, பத்துப் பாட்டி செய்தால் அந்தக் கணக்கை நம்பி இன்னொரு ஊரில் ஒரு பிள்ளைக்கு விளக்கை அணைப்பார்கள்.

சரி, அந்த விளக்கை ஏன் அணைக்கிறார்கள் என்பதை யாராவது உங்களுக்குப் புரியும்படி சொன்னார்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

நிறைமாதப் பிள்ளைகளிலேயே பத்துக்கு ஆறு பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும், குறைமாதம் என்றால் பத்துக்கு எட்டு. முன்னே இது முற்றிப்போனால் பிள்ளையின் இரத்தத்தையே எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றுவார்கள். அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விளக்கைக் கண்டுபிடிக்க வழி காட்டியது ஒரு தாதி. இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்று ஒரு சிஸ்டர். நோஞ்சான் பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் வெயிலும் படட்டும் என்று முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். 1956 கோடையில் ஒரு நாள் டாக்டர்கள் சுற்றி வரும்போது ஒரு பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுப்பு, ஓர் இடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள். ஏதோ மருந்தைப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் டாக்டர் முதலில் நினைத்தாராம். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் போய்விட்டது, படாத இடத்தில் அப்படியே நின்றது. அப்புறம் ஜன்னலோரம் வெயிலில் தவறுதலாக வைத்துவிட்ட இரத்தக் குழாயில் பிலிருபின் இறங்கியிருந்ததையும் பார்த்தார்கள். 1958இல் நீல விளக்குச் சிகிச்சை பற்றிய முதல் கட்டுரை வந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் காலை வெயிலில் காட்டினாலே போதுமே" என்று தோட்டத்து லயத்தில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று வெயிலில் அளக்க முடியாது. நம் ஊர் வெயிலில் பச்சைப் பிள்ளை சீக்கிரம் வாடிப்போகும், தோலும் வெந்துபோகும். "வெயிலில் காட்டிக்கொண்டிருந்தோம், சரியாகிவிடும் என்று நினைத்தோம்" என்று மூன்று நாள் தாமதமாகக் கொண்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கீழாநெல்லிச் சாறும் வேண்டாம்.

விளக்கு தோலில் இருக்கும் பிலிருபினை மாற்றுகிறது, மாறியது மலத்திலும் சிறுநீரிலும் போய்விடும். உள்ளே இருக்கும் பிலிருபின் மறுபடி தோலுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்திலும் விளக்கு எரியத்தான் வேண்டுமா என்பதே உங்கள் தாளில் உள்ள கேள்வி. வேண்டாம் என்றால், அந்த ஒரு மணி நேரம் பிள்ளை கண் கட்டை அவிழ்த்துத் தாயின் மடியில் கிடக்கலாம், பால் குடிக்கலாம். விளக்கு அணைந்திருந்தபோது உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே பேரனுக்குக் குறைந்த வைத்தியமும் பக்கத்துப் பிள்ளைக்கு நல்ல வைத்தியமும் கொடுத்தார்கள் என்று நினைத்து வேதனைப்பட வேண்டாம். இரண்டில் எது நல்லது என்று டாக்டருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இந்த ஆய்வை நடத்த அனுமதியே கிடைத்திருக்காது. யாருக்கு எது என்பதையும் டாக்டர் பிரிக்கவில்லை, கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டுப் பிரித்தது. யார் தோட்டத்துப் பிள்ளை, யார் டவுன் பிள்ளை என்பது அந்தக் குலுக்கலுக்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் பெரிதாக்கிப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மேல் மூலையில் என்.எம்.ஆர்.ஆர். என்று தொடங்கும் எண் இருக்கிறது. அது தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடக்கும் ஆய்வு அதில் பதிவாகியிருக்க வேண்டும், அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்திருக்கவும் வேண்டும். நாலாம் பக்கத்தில் முக்கியமான ஒரு வரி: பிலிருபின் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் எந்தப் பிரிவாக இருந்தாலும் விளக்கு நிற்காமல் எரியும். நீங்கள் பயந்தது இதற்குத்தானே? அந்தப் பயம் எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

ஆறாம் பக்கத்தில் இரத்தம். வழக்கமாக எடுப்பதோடு சேர்த்து இரண்டு தடவை அரை மில்லிலிட்டர் கூடுதலாக எடுப்பார்கள் என்று போட்டிருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். உங்கள் பேரனுக்கு மொத்தமே 180 சொச்சம், ஒரு சின்ன டம்ளர் அளவு. ஆய்வுக்காக ஒரே தடவையில் அதில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, நான்கு வாரத்தில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டியில் உள்ள அளவு. நாங்களும் அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம். ஒரு பங்கு என்றால் 1.8 மில்லிலிட்டர். அரை மில்லி அதற்குள் அடங்குகிறது. புதிதாக ஊசி குத்துவதும் இல்லை.

எனக்குப் பிடிக்காதது எட்டாம் பக்கம். விளக்கம் கொடுத்த நேரம் 10.20, கையெழுத்துப் போட்ட நேரம் 10.35. ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள், தையல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணுக்கு மலாயில் ஒன்பது பக்கம், 15 நிமிடம். இது போதாது. விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கட்டும், தாளைப் படித்துப் பாருங்கள், மாலையில் உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் பேசுவோம் என்று சொல்லியிருக்கலாம். தமிழில் தாள் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். மருமகனுடைய கோபத்தில் பாதி ஆய்வின் மேல் இல்லை, தன்னைக் கேட்காமல் முடிந்துவிட்டதே என்பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோரில் ஒருவர் கையெழுத்து இருந்தால் பாரம் செல்லும். ஆனால் பாரம் செல்லுவது வேறு, வீட்டில் செல்லுவது வேறு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது என் சொந்தத் தவறால். ஆய்வுப் பிரிவில் சேர்ந்த முதல் வருடம், அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். ஆஸ்துமாவோடு ஒரு பையன் வார்டில் இருந்தான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், இராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் மளமளவென்று சொல்லி முடித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், மை தொட்டுக் கைரேகை வைத்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டார்: "தங்கச்சி, கை வெச்சாச்சு, பையனை எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீங்க?" டிஸ்சார்ஜ் பாரம் என்று நினைத்திருக்கிறார். அதுவுமில்லாமல், படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கூட இருந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கடைசியில் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். எங்கள் சிஸ்டர் அந்தப் பாரத்தைக் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிட்டு, மறுபடி போய் உட்கார் என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது. முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "வேணாம்மா" என்றார். சரி என்றோம். பையனுக்கு நெபுலைசர், மருந்து எல்லாம் நேரத்துக்குப் போனது, மறுநாள் வீட்டுக்குப் போனான். அன்றையிலிருந்து, சொல்லி முடித்ததும், "இப்போ நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்காமல் நான் பேனாவைக் கொடுப்பதில்லை.

மருமகன் சொன்ன எலிக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மண்ணில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் சயாம் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனர்களுக்குத்தான் அதிகம் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம்மவர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து, வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றார். நஞ்சு என்றது தவறு, அரிசி என்றது சரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் போகாது. நம் பாட்டிமார் அதைத் தெரிந்து அவிக்கவில்லை, ஆனால் அதுதான் காப்பாற்றியது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஃபிளெட்சர் என்ற டாக்டர். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர் இன்னொரு பக்கம். ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி. இடத்தில்தான் கோளாறோ என்று பாதி வருடத்தில் வார்டை மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் ஆள் ஆளாக நோயில் விழுந்தார்கள், இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் இரண்டே பேர், அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியை ஒழித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நாம் கற்றுக்கொடுக்கும் ஆய்வு முறைக்கும் இது நல்ல உதாரணம்தான். ஆனால் வரிசையில் நின்றவர்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. பைத்தியம் என்று அடைத்து வைத்தவர்களிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டார்கள்.

அந்த மாதிரி இனி நடக்கக் கூடாது என்றுதான் மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கு உலக அளவில் 1947இல் நியூரம்பெர்க் விதிகளும் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வந்தன. மலேசியா தனக்கென்று வழிகாட்டியை 1999இல் வெளியிட்டது. உங்கள் மகளிடம் கொடுத்த ஒன்பது பக்கத் தாள் அந்த வழியில் வந்ததுதான். மருமகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எலிக்கு யாரும் தாள் கொடுப்பதில்லை, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் கொடுப்பதில்லை. அந்த உரிமை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் பிள்ளை, அவருக்கு வேண்டாம் என்றால் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வாயால் சொன்னாலே போதும். அதுவரை எடுத்த தகவலை வைத்துக்கொள்வார்களா, மிச்ச இரத்தத்தை என்ன செய்வார்கள் என்பது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, படிக்கச் சொல்லுங்கள். ஆனால் மகளும் மருமகனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நீங்களும் நானும் ஓரமாக இருப்போம்.

விலகினால் சரியாகப் பார்ப்பார்களா என்றால், பார்க்கவேண்டும், அதுதான் விதி. முகம் சுளிக்கிற ஆள் எங்கேயும் ஒருவர் இருக்கலாம், இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அப்படி யாராவது நடந்துகொண்டால் தாளில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அது ஆய்வு டாக்டரின் எண் இல்லை, அவருக்கு மேலே உட்கார்ந்து பார்க்கிறவர்களின் எண்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர்.

மாவு மாத்திரை உண்மைதான். புது மருந்தைப் போலவே நிறம், அளவு எல்லாம் இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அதற்காகச் சிகிச்சை இல்லாமல் விடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. இனிப்பு நீர் ஆய்வுகளில் பெரும்பாலும், ஏற்கெனவே எடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ அப்படியே தொடரும், அதற்கு மேல்தான் புது மாத்திரை அல்லது மாவு மாத்திரை. அவர் தாளில் எப்படி என்று முதலில் அதைக் கேளுங்கள். இரத்தத்தில் சீனி இத்தனைக்கு மேல் ஏறினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பேரன் தாளில் நாலாம் பக்கத்தில் இருந்த மாதிரி ஒரு கோடு இதிலும் இருக்கவேண்டும்.

இன்னும் சில கேள்விகள் எனக்கு உண்டு. இதற்கு முன் எத்தனை பேர் இந்த மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள்? முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டமா, ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகு வரும் கட்டமா? மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு யாருடையது, காப்புறுதி இருக்கிறதா? ஆய்வு முடிந்ததும் மருந்து நல்லது என்று தெரிந்தால் அவருக்குத் தொடர்ந்து கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு வருடம் நல்ல மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் பார்மசியில் அதன் விலையைக் கேட்டு வாய் அடைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

பஸ் செலவுக்குக் காசு கொடுப்பார்கள், அதற்காக மட்டும் சேரக் கூடாது. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவருக்கு முடியுமா, யார் மோட்டாரில் கொண்டுபோய் விடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் பாகற்காய்ச் சாறு, ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து, யாரோ கொடுத்த பொடி, எது சாப்பிட்டாலும் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் இருக்கும் ஆண்கள் எங்களிடம் மறைக்கும் முதல் விஷயம் சிகரெட், இரண்டாவது இந்தப் பொடி. பொடி கலந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் போட்டு விழுந்தாலும் புது மருந்தின் மேல் பழி போகும், அல்லது பொடி செய்த வேலைக்கு மருந்துக்குப் பேர் கிடைக்கும்.

சேரலாமா என்று கேட்டால், நிபந்தனைகள் சரியாக இருந்தால் சேரலாம் என்பேன். பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வந்த பெரிய இனிப்பு நீர் ஆய்வில் 5,102 பேர் சேர்ந்தார்கள். சீனியைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்கும் என்று அழுத்தமாகச் சொல்ல முடிவது அவர்களால்தான். உங்கள் வீட்டுக்காரர் தினம் கேட்கும் திட்டெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அந்த ஆய்வில் இந்திய வம்சாவளி நூற்றுக்குப் பத்துப் பேர். இங்கே 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர், அதிலும் அதிகம் நம் இந்தியர்களுக்கு. நம் உடம்பில் ஒரு மருந்து எப்படி வேலை செய்யும் என்று நம் ஆட்கள் சேர்ந்தால்தான் தெரியும். ஆனால் இது அவர் தலையில் ஏற்றிவைக்கிற பாரமாக ஆகிவிடக் கூடாது. 61 வயது மனிதர், உடம்பு அவருடையது, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முடிவு சொல்ல அடுத்த அப்பாய்ன்மென்ட் வரை நேரம் கொடுத்திருப்பார்கள். அவசரப்படுத்தினால் அதுவே எனக்குச் சந்தேகம் வரக் காரணம்.

பேரனின் செவிப் பரிசோதனைக்கு ஒரு விஷயம். பிள்ளை நன்றாகத் தூங்கும்போதுதான் அந்தக் கருவியால் சரியாகப் பார்க்க முடியும். தலையில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டுவார்கள், காதில் டிக்டிக் என்று சத்தம் கேட்கும், வலிக்காது. ஆகவே காலையில் வீட்டிலேயே பால் கொடுத்துத் தூங்க வைத்துக் கொண்டுபோய் அங்கே எழுப்பிவிடாதீர்கள். கொஞ்சம் விழித்திருக்க வைத்து, பசியோடு கொண்டுபோங்கள். கூப்பிட்டதும் மகள் அங்கேயே பால் கொடுக்கட்டும், தூங்கிவிடுவான். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், பட்டை ஒட்டாது.